தூங்கும் கணனியைத் தூர இருந்து எழுப்புதல்

கிராம அபிவிருத்திச் சங்கங்கள் பலவற்றின் காரியாலயத்தில் இப்போது ஒரு பழைய கணனி இருக்கிறது. யாராவது நன்கொடையாகத் தந்ததாக இருக்கும். அல்லது நகரத்து நிறுவனமொன்று புதியது வாங்கியபோது கழித்துவிட்டதாக இருக்கும். அங்கத்தவர் பட்டியல், சேமிப்புக் கணக்கு, விதைநெல் கடன் விபரம் எல்லாம் அதற்குள்ளேதான். சில சங்கங்கள் இன்னொரு படி மேலே போய், அங்கத்தவர்களின் காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் முதலியவற்றைப் படம்பிடித்து அதிலே சேமித்து வைத்திருக்கின்றன.

இது நல்ல முயற்சி. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு இரவோடிரவாகப் புறப்பட்டவர்களுக்கும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னிக்குள்ளே இடம் மாறி மாறி நடந்தவர்களுக்கும் ஒரு காகிதத்தின் பெறுமதியை எவரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கணனியில் இருக்கும் படம் மூல உறுதிக்கு ஈடாகாது என்பது உண்மைதான். ஆனால் உறுதியின் இலக்கம், திகதி, எழுதிய நொத்தாரிசின் பெயர் ஆகிய மூன்றும் கையில் இருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி தேடுவது எவ்வளவோ இலகு. அந்த மூன்றையும் அந்தப் படம் தரும்.

பிரச்சினை வேறிடத்தில் வருகிறது. இவ்வளவு விபரமும் உள்ள கணனியை எல்லோரும் வந்துபோகும் முன்மண்டபத்தில் வைக்க முடியாது. உள்ளறையில் வைத்துப் பூட்டுகிறோம். திறப்பு தலைவரிடமோ பொருளாளரிடமோ இருக்கும். அவர் வயலுக்கோ வைத்தியசாலைக்கோ போன நாளில் ஒரு தாய் தன் காணிப் பத்திரத்தின் இலக்கத்தைக் கேட்டு வருகிறார். முன்மேசையில் இன்னொரு கணனி இருக்கிறது. உள்ளறைக் கணனிக்கு அதிலிருந்து வயரும் போயிருக்கிறது. ஆனால் உள்ளே இருப்பது அணைக்கப்பட்டிருக்கிறதே! "நாளைக்கு வாங்கோ அம்மா" என்று திருப்பி அனுப்புகிறோம். அவருக்கு அந்த ஒரு நாள், ஒரு நாட்கூலியும் பஸ் காசும் ஆகும்.

அப்படியானால் இரவு பகலாக ஓடவிட்டால் என்ன? கணக்கைப் பார்ப்போம். வேலையில்லாமல் சும்மா ஓடும் பழைய மேசைக் கணனி ஒன்று, திரை இல்லாமலே 60 வாற் எடுக்கிறதென்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 24 மணித்தியாலம், மாதம் 30 நாள் என்றால் 43 அலகுக்குச் சற்று மேல் வரும். அதையே அணைத்து வைத்துத் தேவைக்கு நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம் மட்டும் ஓடவிட்டால் 3.6 அலகு. அணைந்திருக்கும் நேரத்தில் காவலிருக்கும் பகுதிக்கு 5 வாற் போகிறதென்று கொண்டால் இன்னொரு 3.3 அலகு. வயர்களை ஒன்றுசேர்க்கும் சிறு பெட்டிக்கும் அதே போல 5 வாற் சேர்த்தாலும் மொத்தம் 11 அலகைத் தாண்டாது. வீட்டு இணைப்பில் அலகு கூடக் கூடக் கட்டண வீதமும் ஏறும் என்பதை நீங்கள் அறிவீர்கள். கட்டணம் ஒருபுறமிருக்க, எமது வெக்கையிலும் புழுதியிலும் ஓய்வில்லாமல் ஓடும் கணனி நெடுநாள் தாங்காது.

அணைந்திருக்கும் கணனியை இன்னொரு கணனியிலிருந்து வயர் வழியாக எழுப்பும் முறை இருக்கிறது. அதற்கு 'வேக் ஒன் லான்' என்று பெயர். லான் என்பது ஒரு கட்டிடத்துக்குள், ஒரு வளவுக்குள் உள்ள கணனிகளை இணைக்கும் உள்ளூர் வலையமைப்பு. புதிய கணனிகளில் இதற்கான வசதி தாய்ப்பலகையிலேயே இருக்கும். ஆனால் இடி மின்னலில் தாய்ப்பலகையின் வயர்த் துவாரம் பழுதாகி, பிறகு தனியாக ஒரு வலையமைப்பு அட்டை வாங்கிச் செருகிய கணனிகளும் பல உண்டு. அவற்றில் இதை அமைப்பது சற்றே நுணுக்கமானது. இந்தப் பாடம் அவற்றுக்காகவே. (அட்டை என்றதும் மழைக்காலத்தில் காலில் ஏறும் அட்டையை நினைத்துவிடாதீர்கள். இதைக் கடைக்காரர் 'லான் கார்ட்' என்பார்.)

பரணில் இருப்பவன்

சேனைப் பயிருக்குக் காவல் இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். குடும்பம் முழுவதும் கொட்டிலில் தூங்குகிறது. ஒருவன் மட்டும் பரணில் விழித்திருக்கிறான். அவனுக்கு வேலை ஒன்றுதான்: சத்தம் கேட்டால் மற்றவர்களை எழுப்புவது. கணனியை அணைத்த பின்னும் அதன் மின்வழங்கிப் பெட்டி ஒரு சிறு மின்சாரத்தை, 5 வோல்ற்றில், தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருக்கிறது. 1995 இல் வந்த ஏ.ரி.எக்ஸ் என்ற மின்வழங்கி முறையிலிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது. பெட்டியைத் திறந்தால் ஊதா நிற வயர் ஒன்று தெரியுமே, அதில் வருவது இந்தக் காவல் மின்சாரம்தான். அதைக் குடித்துக்கொண்டு வலையமைப்பு அட்டை மட்டும் விழித்திருக்கும்.

ஒவ்வோர் அட்டைக்கும் உலகில் தனக்கென்று ஒரு முகவரி உண்டு. 'மக் முகவரி' என்பார்கள். பன்னிரண்டு எழுத்தும் இலக்கமும் கலந்தது. முதல் ஆறும் செய்த கம்பனிக்கு உரியவை, மற்றைய ஆறும் அந்த அட்டைக்கு உரியவை. எழுப்ப விரும்பும் கணனி ஒரு சிறு செய்தியை வயரில் விடுகிறது. அதன் தொடக்கத்தில் 'எஃப்எஃப்' என்ற குறி ஆறு தடவை வரும். பறை அடித்து ஊரைக் கவனிக்கச் செய்வதுபோல. அதன்பின் எழுப்பவேண்டிய அட்டையின் முகவரி 16 தடவை தொடர்ந்து வரும். ஆறும் தொண்ணூற்றாறும் சேர்ந்து 102 பைற். இதை 'மஜிக் பக்கெட்', அதாவது மாயப் பொதி என்று அழைக்கிறார்கள். உண்மையில் இதில் மாயம் எதுவுமில்லை. அந்த வலையமைப்பில் உள்ள எல்லா அட்டைகளுக்கும் செய்தி போகும். தன் பெயர் பதினாறு தடவை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்ட அட்டை மட்டும் தாய்ப்பலகைக்குச் சைகை கொடுக்கும். நாம் ஆளியை அழுத்தினால் எப்படியோ அப்படியே கணனி தொடங்கும். ஒரு தடவை சொன்னால் வேறு செய்தியோடு மயங்கலாம். பதினாறு தடவை தற்செயலாக வராது.

இந்த மாயப் பொதியை ஏ.எம்.டி நிறுவனமும் ஹியூலெற் பக்கார்ட் நிறுவனமும் 1995 அளவில் சேர்ந்து உருவாக்கின. 1996 இல் கூட்டமைத்த இன்ரெல்லும் ஐ.பி.எம்மும் 1997 இல் வேக் ஒன் லானை அறிமுகம் செய்தன. நூற்றுக்கணக்கான கணனிகள் உள்ள பெரிய காரியாலயங்களில் இரவில் ஆளில்லாத நேரம் எல்லாவற்றையும் எழுப்பித் திருத்த வேலை செய்துவிட்டு மீண்டும் அணைப்பதே அவர்களுடைய நோக்கம். பெரிய கம்பனிக்கு வந்த வசதி பூட்டிய அறையில் ஒரேயொரு கணனி வைத்திருக்கும் சங்கத்துக்கும் உதவுகிறது.

அட்டையைத் தெரிவு செய்தல்

கடையில் மலிவாகக் கிடைக்கும் எல்லா அட்டைகளும் கணனியை எழுப்பும் என்று நம்பவேண்டாம். பணம் கொடுக்குமுன் உங்கள் கணனி எந்தக் காலத்தது என்று பாருங்கள்.

1997 தொடக்கம் ஏறத்தாழ 2000 வரை வந்த தாய்ப்பலகைகளில் மூன்று ஊசி கொண்ட ஒரு சிறு இணைப்பு இருக்கும். அக்கால அட்டையிலும் அதேபோல் மூன்று ஊசி இருக்கும். இரண்டையும் ஒரு குட்டி வயரால் தொடுக்கவேண்டும். ஓர் ஊசியில் காவல் மின்சாரம், ஒன்றில் நிலத்தொடர்பு, மூன்றாவதில் 'எழும்பு' என்ற சைகை. இந்த வயர் இல்லாவிட்டால் அட்டைக்குத் தூக்கத்தில் சாப்பாடே இல்லை. பழைய அட்டை வாங்கும்போது அந்தக் குட்டி வயரையும் கேட்டு வாங்குங்கள். அது தனியே தேடினால் கிடைப்பது அரிது.

1998 இறுதியில் பி.சி.ஐ 2.2 என்ற திருத்தம் வந்தது. அதன்படி அட்டை செருகும் 'ஸ்லொட்' வழியாகவே 3.3 வோல்ற் காவல் மின்சாரமும் எழுப்பும் சைகையும் போகும். குட்டி வயர் தேவையில்லை. ஆனால் தாய்ப்பலகை, அட்டை இரண்டும் இந்த முறைக்கு உரியனவாக இருக்கவேண்டும். ஒன்று பழையதாக இருந்தாலும் சரிவராது. இன்னும் பிந்திய கணனிகளில், 2004 அளவிலிருந்து, பி.சி.ஐ எக்ஸ்பிரஸ் என்ற சிறிய ஸ்லொட் உண்டு. இதிலும் காவல் மின்சாரத்துக்கும் எழுப்பும் சைகைக்கும் தனித்தனி இடம் இருக்கிறது. ஆயினும் மலிவு அட்டை செய்பவர்கள் சிலர் அந்த இடங்களைத் தொடுக்காமலே விட்டுவிடுகிறார்கள். அட்டை வேலை செய்யும், இணையமும் வரும், எழுப்ப மட்டும் மாட்டாது. ஆகவே பெட்டியில் 'வேக் ஒன் லான்' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து, எழும்பாவிட்டால் திருப்பி எடுப்பதாகக் கடைக்காரரிடம் சொல்லுவித்து வாங்குவதே புத்தி. யு.எஸ்.பியில் செருகும் சிறு வைஃபை துண்டுகளை இந்த வேலைக்கு எண்ணவே வேண்டாம்.

அட்டையைச் செருகும்போது ஒரு கவனம். மேலே சொன்ன காவல் மின்சாரம் கணனி அணைந்திருக்கும்போதும் பலகையில் ஓடுகிறது. எனவே அணைத்தால் மட்டும் போதாது. சுவர்ச் செருகியைக் கழற்றிவிட்டு, கணனியின் ஆளியை ஒரு தடவை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, அதன்பிறகே பெட்டியைத் திறக்கவேண்டும். இதைச் செய்யாமல் அட்டையைச் செருகினால் அட்டையும் போகலாம், பலகையும் போகலாம்.

உள்ளே செய்யவேண்டிய ஒழுங்குகள்

கணனி தொடங்கும் கணத்திலே 'டிலீற்' அல்லது 'எஃப் 2' விசையை அழுத்தினால் பயோஸ் என்ற அடிப்படைத் திரை வரும். அங்கே மின்சாரம் சம்பந்தமான பகுதியில் எழுப்பும் வசதியைத் திறக்கவேண்டும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். பல பலகைகளில் இரண்டு வரிகள் இருக்கும். ஒன்று பலகையோடு வந்த துவாரத்துக்கு, மற்றது செருகிய அட்டைக்கு. நாம் பார்ப்பது செருகிய அட்டை. எனவே 'பவர் ஒன் பை பி.சி.ஐ' அல்லது 'வேக் அப் பை பி.சி.ஐ.ஈ' அல்லது 'பி.எம்.ஈ' என்ற சொற்கள் உள்ள வரியையே திறக்கவேண்டும். கம்பனிக்குக் கம்பனி சொல் மாறும். பழுதாகிப்போன பழைய துவாரத்தை அதே திரையில் மூடிவிடுவதும் நல்லது. 'ஈ.ஆர்.பி' என்று ஒரு வரி இருந்தால் அதையும் மூடுங்கள். ஐரோப்பாவில் அணைந்த கருவிகள் மின்சாரம் வீணாக்கக்கூடாது என்ற விதிக்காக வந்தது அது. நல்ல நோக்கம்தான். ஆனால் பரணில் இருப்பவனுக்குப் போகும் கஞ்சியையும் அது நிறுத்திவிடும்.

பிறகு விண்டோஸ். 'டிவைஸ் மனேஜர்' என்ற இடத்தில் அட்டையின் பெயரைத் திறந்து 'பவர் மனேஜ்மென்ட்' பக்கத்துக்குப் போனால் மூன்று கட்டங்கள் இருக்கும். மூன்றிலும் சரி அடையாளம் இடுங்கள். முதலாவது கட்டம் 'மின்சாரத்தைச் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம்' என்று சொல்லும். வாசித்தால் எமக்குப் பாதகம்போலத் தோன்றும். ஆனால் அதை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் வேலை செய்யா. மூன்றாவது கட்டம் 'மாயப் பொதி வந்தால் மட்டுமே எழும்பு' என்பது. அதை விட்டுவிட்டால் வயரில் போகிற வருகிற செய்திக்கெல்லாம் கணனி நடுச்சாமத்தில் எழும்பி நிற்கும். 'அட்வான்ஸ்ட்' பக்கத்திலும் மாயப் பொதிக்கு எழும்பும் வரி இருந்தால் அதையும் திறக்கவேண்டும். றியல்ரெக் கம்பனியின் அட்டைகளில் முற்றாக அணைத்த நிலையிலிருந்து எழும்புவதற்கு இன்னொரு தனி வரி இருக்கும்.

விண்டோஸ் 8 இலிருந்து 'ஃபாஸ்ற் ஸ்ராட்டப்' என்றொரு ஏற்பாடு வந்தது. கணனி முழுவதும் அணையாமல், பாதி நினைவை எழுதி வைத்துக்கொண்டு அணையும். அடுத்த முறை விரைவாகத் தொடங்குவதற்காக அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அப்படி அணையும்போது அட்டைக்குக் 'காவலிரு' என்ற கட்டளை கொடுக்கப்படுவதில்லை. கொன்றோல் பனலில் மின்சார ஒழுங்குகளுக்குப் போய் இதை எடுத்துவிடுங்கள்.

விண்டோஸ் 10 க்கான இலவச ஆதரவு 2025 ஒக்ரோபரில் முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11 ஐ ஏற்காத பழைய கணனிகளுக்கு லினக்ஸ் போடுகிறவர்கள் பலர். அதில் 'ஈத்ரூல்' என்ற கட்டளை அட்டையின் நிலையைக் காட்டும். 'வேக் ஒன்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'ஜி' எழுத்து இருந்தால் மாயப் பொதிக்கு எழும்பும். 'டி' இருந்தால் எழும்பாது. மாற்றிய நிலை அடுத்த தொடக்கத்தில் மறைந்துபோவது வழக்கம் என்பதால், ஒவ்வொரு முறையும் தானாகவே அமையும்படி எழுதி வைக்கச் சொல்லுங்கள். கணனி படித்த பிள்ளைகள் எவரேனும் இதைச் சில நிமிடத்தில் செய்துவிடுவர்.

சோதித்துப் பார்த்தல்

அட்டையின் மக் முகவரியை முதலில் எழுதுங்கள். விண்டோஸில் 'ஐபிகொன்பிக்' கட்டளையோடு 'ஓல்' என்ற சொல்லைச் சேர்த்தால் 'பிசிக்கல் அட்ரஸ்' என்ற வரியில் வரும். புதிய அட்டைக்குப் புதிய முகவரி. பலகையோடு வந்த பழைய துவாரத்தின் முகவரியைக் கொடுத்துவிட்டு, எழும்பவில்லை என்று அட்டையைக் குறைசொல்லிப் பயனில்லை. எழுப்பும் செய்தியை அனுப்பச் சிறு மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அதே வலையமைப்பின் வைஃபையில் இணைந்த கைத்தொலைபேசியிலிருந்தும் அனுப்பலாம்.

இப்போது கணனியை ஒழுங்காக அணையுங்கள். அணைந்ததும் வயர்கள் வந்து சேரும் சிறு பெட்டியில் அந்தக் கணனிக்குரிய விளக்கைப் பாருங்கள். விளக்கு எரிந்தால் அட்டை விழித்திருக்கிறது. எரியாவிட்டால் எத்தனை தடவை செய்தி அனுப்பினாலும் கேட்க ஆளில்லை. அப்போது சுவர் ஆளி, மின்வழங்கிப் பெட்டியின் பின்புற ஆளி, குட்டி வயர், ஈ.ஆர்.பி வரி என்று மின்சாரம் வரும் வழியைத் தேடுங்கள்.

சுவர் ஆளியைப் பற்றி ஒரு வார்த்தை. இரவில் எல்லா ஆளிகளையும் போட்டு அணைத்துவிட்டுப் போவது எமது சிக்கன வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் இந்தக் கணனியின் ஆளியையும் அந்தச் சிறு பெட்டியின் ஆளியையும் மட்டும் விட்டுவைக்கவேண்டும். கூட்டித் துடைக்க வருபவருக்கும் இதைச் சொல்லிவைத்து, ஆளியின் மேல் ஒரு கடதாசி ஒட்டிவிடுங்கள்.

விளக்கு எரிந்தும் எழும்பவில்லையானால் பிழை பெரும்பாலும் பயோஸிலோ விண்டோஸிலோ இருக்கும். 'சிலீப்' நிலையிலிருந்து எழும்புகிறது, முற்றாக அணைத்தால் எழும்பவில்லை என்றால் ஃபாஸ்ற் ஸ்ராட்டப்பையும் பயோஸில் அட்டைக்குரிய வரியையும் மீண்டும் பாருங்கள்.

இன்னொரு வகைப் பிழை ஆட்களை மிகவும் ஏமாற்றும். அணைத்த உடனே அனுப்பினால் எழும்பும். அடுத்த நாட் காலையில் அனுப்பினால் எழும்பாது. இதற்குக் காரணம் அனுப்பும் முறை. அணைந்த கணனிக்கு வழக்கமான ஐ.பி முகவரியில் பதில் சொல்ல ஆளில்லை. அந்த முகவரிக்கு அனுப்பினால், அதற்குரியவன் யார் என்ற ஞாபகம் அனுப்பும் கணனியில் இருக்கும் சில நிமிடங்களுக்கு மட்டும் செய்தி போய்ச் சேரும். பிறகு ஞாபகம் அழிந்துவிடும். எனவே ஒருவருக்கு என்றல்லாமல், எல்லோருக்கும் ஒலிபரப்பும் முகவரிக்கே செய்தியை அனுப்பும்படி மென்பொருளில் ஒழுங்கு செய்யவேண்டும். அமைத்துத் தந்தவர் ஐந்து நிமிடத்தில் எழுப்பிக் காட்டினால் அத்தோடு காசைக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். இரவு முழுவதும் அணைத்து வைத்து, விடிந்தபின் முன்மேசையில் இருப்பவர் தாமே எழுப்பிப் பார்த்த பிறகு மிச்சக் காசைக் கொடுங்கள்.

மின்வெட்டு வந்தால்

2022 மார்ச் மாத முடிவில் நாட்டில் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டப்பட்டது நினைவிருக்கும். அவ்வளவு நீண்ட வெட்டுகள் இன்று இல்லாவிட்டாலும், காற்று மழைக்கு மின்சாரம் போவது எமக்குப் புதிதல்ல. மின்சாரம் முற்றாகப் போய்த் திரும்பி வந்ததும் பல கணனிகளில் அட்டை காவலுக்குத் திரும்புவதில்லை. கணனி ஒருமுறை தொடங்கி, ஒழுங்காக அணைந்தால்தான் அட்டைக்கு மறுபடி கட்டளை கிடைக்கும்.

பயோஸில் இதற்கும் ஒரு வரி உண்டு. மின்சாரம் திரும்பினால் அணைந்தே இருப்பதா, தானாகத் தொடங்குவதா, முன்பிருந்த நிலைக்குப் போவதா என்று கேட்கும். தானாகத் தொடங்கும்படி வைத்தால் வெட்டுக்குப் பின் கணனி எழும்பிவிடும். முன்மேசையிலிருந்து அதற்குள் போய் வேலையை முடித்து ஒழுங்காக அணைத்துவிடலாம். ஆனால் மின்சாரம் வருவதும் போவதுமாகத் துடிக்கிற இடங்களில் இப்படி வைப்பது வன்தட்டுக்கு நல்லதல்ல. அங்கே யூ.பி.எஸ் ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் 'அணைந்தே இரு' என்று வைத்து, வெட்டு வந்த நாளில் மட்டும் திறப்புக்காரரைத் தேடுவதே மேல். சூரிய ஒளிப் பற்றரியில் ஓடும் காரியாலயமானால், இந்தக் காவலுக்காக இன்வேட்டரை இரவு முழுவதும் போட்டு வைக்கவேண்டி வரும். இன்வேட்டர் தனக்கென்று குடிக்கும் மின்சாரம் கணனியின் காவலைவிடக் கூடுதலாக இருக்கலாம். அங்கே இந்த முறையை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

பழைய கணனியில் திகதியும் நேரமும் அடிக்கடி பிழையாகக் காட்டினால், பலகையிலுள்ள காசு வடிவப் பற்றரி தேய்ந்துவிட்டது. 'சி.ஆர் 2032' என்று கேட்டால் கிடைக்கும். அது தேய்ந்தால் பயோஸில் செய்த ஒழுங்குகள் எல்லாம் மறந்துபோகும். எழுப்பும் வசதியும் அதோடு போய்விடும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கணனி தினமும் ஒரே நேரத்துக்குத்தான் தேவையென்றால் இத்தனை வேலையும் வேண்டாம். பயோஸிலே நேரம் குறித்து வைத்தால் காலை ஒன்பது மணிக்குத் தானாகவே தொடங்கும். புதிய அட்டையோ வயரோ வேண்டியதில்லை. கணனி பூட்டாத அறையில், பத்து அடி தூரத்தில் இருக்கிறதென்றால் எழுந்து போய் ஆளியை அழுத்துங்கள். காசு மிச்சம்.

ஊருக்கு வெளியிலிருந்து

பட்டணத்தில் இருக்கும் மகன் அங்கிருந்தே எழுப்பலாமா என்று சிலர் கேட்பார்கள். ஒலிபரப்புச் செய்தி சாதாரணமாக வளவைத் தாண்டுவதில்லை. இணையத்தோடு இணைக்கும் ரௌட்டர் அதை வெளியிலிருந்து உள்ளே விடாது. அதைத் திறந்துவிடும் வழிகள் உண்டு. ஆனால் அந்தக் கதவால் எமக்கு வேண்டியவர் மட்டுமா வருவார்? காணிப் பத்திரங்கள் இருக்கும் கணனிக்கு அது வேண்டாம். மகன் தொலைபேசியில் சொல்ல, முன்மேசையில் இருப்பவர் எழுப்பட்டும்.

மாயப் பொதிக்குப் பொதுவாகக் கடவுச்சொல் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். முகவரி தெரிந்து, அதே வலையமைப்பில் இருக்கும் எவரும் கணனியை எழுப்பலாம். எழுப்புவது வேறு, உள்ளே போவது வேறு. உள்ளே போகக் கடவுச்சொல் கட்டாயம் இருக்கவேண்டும். அதைத் திரையின் ஓரத்தில் எழுதி ஒட்டக்கூடாது. காரியாலய வைஃபையின் கடவுச்சொல்லை வருவோர் போவோருக்கெல்லாம் கொடுப்பதும் தவறு.

வயர் ஒரே ஓட்டமாக 100 மீற்றருக்கு மேல் போகக்கூடாது. இரண்டு கட்டிடங்களுக்கிடையே கூரையோடு கூரையாகத் தொங்கவிட்ட செப்பு வயர் மின்னலுக்கு நல்ல பாதை. முதல் துவாரம் போனதும் அநேகமாக இப்படித்தான். சித்திரை, ஐப்பசி மாதங்களில் இடி முழங்கும் பின்னேரங்களில் மின்செருகியையும் வலையமைப்பு வயரையும் இரண்டையும் கழற்றிவிடுங்கள். அன்றைக்கு எழுப்ப முடியாமற் போகும், போகட்டும். பத்திரங்களின் இன்னொரு பிரதியை ஒரு வெளி வன்தட்டில் எடுத்து வேறொரு வீட்டில் வைத்திருங்கள். ஒரு பையிலே போட்டுக் கொண்டு புறப்படக்கூடிய அளவில் அது இருக்கவேண்டும்.

சங்கக் குறிப்புப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை இதற்கென ஒதுக்குங்கள். அட்டையின் மக் முகவரி, பயோஸில் எந்த வரி திறந்தது, எந்த வரி மூடியது, விண்டோஸிலோ லினக்ஸிலோ என்ன மாற்றியது, பற்றரி மாற்றிய திகதி ஆகியவற்றை எழுதி, செயலாளரும் பொருளாளரும் ஒவ்வொரு பிரதி வைத்திருங்கள். அட்டை பழுதாகி வேறொன்று போட்டால் முகவரியும் மாறும். பழையதை ஒரு கோட்டால் வெட்டிவிட்டு, அதற்குக் கீழே புதியதைத் திகதியோடு எழுதுங்கள். முன்மேசைக் கணனியில் இருக்கும் மென்பொருளிலும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.